குறிஞ்சி புல்வெளிச் செடி: கேள்விகளும் பதில்களும்

நீலக்குறிஞ்சி பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று நேற்று எழுதியிருந்தேன். பழனி மலையிலும் மூணாறு பக்கமும் இருபது வருஷத்துக்கு மேல் நடந்து பார்த்த செடி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், 2006, 2018 இரண்டு பூப்பையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். வந்த வரிசையிலேயே பதில்கள்.

அண்ணா, இந்த வருஷம் எங்கே பூக்கும்?

மூணாறு, கொடைக்கானல் பக்கம் என்றால் 2030. 1994, 2006, 2018, அதற்கடுத்தது அதுதான். ஆகஸ்ட், செப்டம்பரில் போகலாம். பறிக்காதீர்கள்.

போன வாரம் ஊட்டியில் ஒரு நீலப்பூச்செடி பார்த்தேன். அது குறிஞ்சிதானா?

குறிஞ்சி இனத்தில் மட்டும் உலகம் முழுக்க நானூறுக்கு மேல் வகைகள் உண்டு. சிலது வருஷா வருஷம் பூக்கும், மகாராஷ்டிரத்தின் கார்வி எட்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நீலக்குறிஞ்சி திறந்த புல்சரிவில் முழங்கால், மிஞ்சினால் இடுப்பு உயரத்தில் புதராக நிற்கும், மர நிழலில் ஆள் உயரம் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் வேறு வகை. இலைகள் எதிரெதிராக, தடித்து, ஓரத்தில் பல் வெட்டி, நரம்புகள் வரி வரியாக அமுங்கித் தெரியும். பூ மணி மாதிரி, ஐந்து மடல். மலரும்போது வெளிர் நீலம், வயதாக ஆக ஊதா ஏறும், ஒரே கதிரில் இரண்டு நிறத்தையும் பார்க்கலாம். கனகாம்பரம், ஆடாதோடை, நிலவேம்பு எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். சின்ன வயசில் தண்ணீரில் போட்டு வெடிக்க விடுவோமே பட்டாசுக்காய், அதுவும் இதே குடும்பம். குறிஞ்சிக் காயும் அப்படித்தான் பிளந்து விதையைத் தெறிக்கவிடும். அத்தோடு தாய்ச்செடி காய்ந்து போகும். ஆயுளில் ஒரே தடவைதான் பூப்பு. அந்த ஒரு தடவையில் பறிக்கிற கதிர், விழாமல் போன விதை.

2022-இல் இடுக்கி சாந்தன்பாறையில் பூத்ததே? பன்னிரண்டு வருஷக் கணக்கு பொய்யா?

பொய் இல்லை. ஒவ்வொரு மலைக்கூட்டத்துக்கும் அதனதன் கணக்கு, அங்கே 2022, மூணாறில் 2018. கூட்டமாகப் பூப்பதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், அத்தனை விதையையும் பூச்சிகளால் தின்று தீர்க்க முடியாது என்பது.

மருத்துவ குணம் என்ன?

என் துறை இல்லை. சித்த மருத்துவரிடம் கேளுங்கள். செடியைப் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஆன்லைனில் விதை விற்கிறார்களே, சென்னை மாடித்தோட்டத்தில் வருமா?

வராது. ஏறக்குறைய 1,300 மீட்டருக்கு மேலே, பனியும் மூடுபனியும் உள்ள புல்வெளிச் செடி. விதை வாங்கவும் வாங்காதீர்கள். உண்மையான விதை என்றால் எங்கோ ஒரு சரிவிலிருந்து திருடியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் செடிப் பட்டியலில் குறிஞ்சி இப்போது இருக்கிறது.

குறிஞ்சி எங்கே பூக்கும் இந்த வருஷம்?

மேலே சொல்லிவிட்டேன். 2030.

குறிஞ்சித் தேன் நிஜமா?

பூக்கும் பருவத்தில் நிஜம். வருஷம் தவறாமல் விற்கிறவரிடம் எந்த மலையில் எடுத்தது என்று கேளுங்கள்.

ஐயா, காடு அழிந்ததால்தான் குறிஞ்சி குறைந்தது. எங்கள் குழு மலையில் ஆயிரம் மரக்கன்று நடப்போகிறது. எந்த இடம் நல்லது?

தயவுசெய்து புல்வெளியில் நடாதீர்கள். குறிஞ்சியை அழித்ததில் பெரும்பங்கு மரம் நட்டதுதான். மலையின் மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல். இதுதான் அங்கே இயற்கை. உறைபனி விழும் சரிவில் சோலை மரக்கன்று கருகிவிடும், புல் தாங்கும், குறிஞ்சி தாங்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் அந்தப் புல்வெளி தரிசு. தரிசு என்று எழுதிய பிறகு தேயிலை வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் வந்தன, பைன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள். 2024-இல் நீலக்குறிஞ்சி அழியக்கூடிய இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியதற்கு வாழிடம் போனதுதான் முக்கியக் காரணம்.

மரமே வேண்டாம் என்கிறீர்களா? மரம் இல்லாமல் மழை ஏது, தண்ணீர் ஏது?

சோலை மரம் வேண்டும், சோலை இருந்த இடத்தில். தண்ணீர் என்றால், மழைக்காலத்தில் ஒரு நல்ல புல்சரிவில் குத்துப்புல்லை விலக்கி மண்ணை விரலால் அழுத்திப் பாருங்கள், நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும். அந்த ஈரம்தான் கசிந்து கசிந்து கோடையிலும் ஓடையாக வருகிறது. சீகைக்கு அடியில் போய்ப் பாருங்கள், சருகும் நிழலும்தான், குறிஞ்சி முளைக்கக் கையளவு வெயில் கிடைக்காது.

நான் கொடைக்கானல்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக சீகை விறகுதான். எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் அடுப்புக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி, இதை ஒதுக்கிவிட்டு யாரும் திட்டம் போடக்கூடாது. கேரளத்தின் வட்டவடை, கொட்டக்கம்பூரில் 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்தபோதும் அங்கிருந்த விவசாயிகளின் நிலமும் அவர்கள் வளர்த்த கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரமும்தான் பிரச்சினையாக நின்றன. ஊருக்குப் பக்கத்துத் தோப்பு விறகுக்கு இருக்கட்டும். பரவிக்கொண்டிருக்கும் ஓரத்திலிருந்து, மேட்டுப் புல்வெளியிலிருந்து எடுக்கத் தொடங்கலாம், அந்த வேலைக்கும் விறகுக்கும் முதல் உரிமை உங்கள் ஊர்க்காரர்களுக்கு. ஒரு தடவை வெட்டினால் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். வெட்டிய அடுத்த மழைக்கே கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். ஒவ்வொரு வருஷமும் கையால் பிடுங்க வேண்டும். மரக்கன்று நடக் கேட்ட தம்பி, உங்கள் குழுவில் ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா? வனத்துறையிடம் அனுமதி கேட்டு இந்த வேலைக்கு வாருங்கள்.

இந்த வருஷம் குறிஞ்சி...

2030. 2030.

பூக்காத வருஷம் போனால் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, அவசியம் போங்கள். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பாதையோரமே மேயும். 2018-இல் விழுந்த விதையின் செடிகள் புல்லுக்கு நடுவே பச்சையாக நிற்கும். பூ இல்லாததால் செடி என்று தெரியாமல் மிதித்துவிடுவார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். ஓரத்தில் குனிந்து, பல் வெட்டிய அந்த இலையைத் தேடிப் பாருங்கள்.