நிறை ஒரே இடத்தில் நிற்குதா? கேட்டவர்களுக்குப் பதில்

கல்லடியிலிருந்து: அக்கா, 82 கிலோவில் தொடங்கி 74க்கு வந்தேன். இப்ப ரெண்டு மாசமா தராசு அசையுதே இல்லை. சாப்பாடு அதேதான். உடம்பு பழகிட்டுதா?

கொஞ்சம் பழகும், தங்கச்சி, ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பு செலவழிப்பது நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது, பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவில் கூடுகிறது என்று கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்குக் காட்டியிருக்கிறார். உங்கள் 8 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள்: செலவு நாளுக்கு 200 அளவில் குறைந்திருக்கும், பசி 800 அளவில் கூடியிருக்கும். அதனால் "அதேதான் சாப்பிடுறன்" என்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை, அகப்பை தானாகவே கொஞ்சம் நிறைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்தில் அது கூடுகிற இடம் பெரும்பாலும் தேங்காய். புட்டுக்குள்ளே தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மேலே சொதி, மீன்குழம்பிலும் முதற்பால். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி அளவில் இருக்கிறது, அது ஒரு கோப்பைச் சோற்றைவிடக் கூட. ஒரு கிழமைக்கு மட்டும் துருவியதை சமையல் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். தாளிக்கிற எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் மேசைக்கரண்டியால் அளவுங்கள், ஒரு கரண்டி 120 கலோரி. மறுகா தேத்தண்ணி: தட்டையான தேக்கரண்டி சீனி 16 கலோரிதான், ஆனால் கோப்பைக்கு இரண்டு, நாளுக்கு நாலு கோப்பை என்றால் 130ஐ நெருங்குகிறது. சோற்றை வெட்டிவிட்டு இவற்றை விட்டால் தராசு எப்படி அசையும்?

காத்தான்குடியிலிருந்து: தினமும் கடற்கரையில ஒரு மணித்தியாலம் நடக்கிறன். பலனே இல்லை.

நடந்துவிட்டு வந்து மிச்ச நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறீர்களா? பலருக்கும் அதுதான் நடக்கிறது, சாப்பாட்டைக் குறைத்தவர் தன்னை அறியாமலே குறைவாக அசைவார். நடையை விடவேண்டாம். அதோடு கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பாரம் தூக்குங்கள், தண்ணி நிரப்பிய போத்தலும் போதும், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதும் போதும். தசை கரையாமல் இருக்க அதுவும் வேண்டும், ஒவ்வொரு வேளையும் மீனோ முட்டையோ பருப்போ கடலையோ வேண்டும்.

கல்முனையிலிருந்து: திங்கள் 68, வியாழன் 69.5. எனக்குப் பைத்தியம் பிடிக்குது.

மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற முடியாது. உப்புக் கருவாடு, மாதவிடாய்க்கு முந்திய நாட்கள், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி எல்லாம் தண்ணியைப் பிடித்து வைக்கும். போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். ஒரு அளவுநாடாவும் வாங்குங்கள், இடுப்பு குறைந்தால் தராசு பொய் சொல்லுகிறது. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் ஆண்களுக்கு 90க்கும் கீழே இருப்பது நல்லது.

ஏறாவூரிலிருந்து: சுகருக்கு ஊசி போடுறன். ராச் சாப்பாட்டை விடட்டுமா?

விடவேண்டாம்! இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் என்ற சுகர் குளிசையோ எடுப்பவர் வேளையைத் தவிர்த்தால் சுகர் திடீரென்று இறங்கி விழுந்துபோகலாம். முதலில் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்றுங்கள், நிறை பிறகு பார்க்கலாம். இன்சுலினே நிறையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியதுதான், அதையும் டொக்டரிடம் கேளுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: வெறும் வயிற்றில் தேசிக்காயும் தேனும்?

கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டி தேன் 60 கலோரி.

அக்கரைப்பற்றிலிருந்து: எல்லாம் சரியாத்தான் செய்யிறன், அளந்தும் பார்த்திட்டன். களைப்பும் குளிரும்தான் மிச்சம்.

அப்போ ரத்தத்தில் ரி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தைரொயிட் மந்தமானால் இப்படி இருக்கும். ஸ்ரீரொயிட் குளிசை ஏதும் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால், மாதக்கணக்கில் இறுக்கிப் பிடித்த சாப்பாட்டை இரண்டு கிழமைக்கு நிறை ஏறாத அளவுக்குத் தளர்த்துங்கள். நித்திரையையும் பாருங்கள், அஞ்சு மணித்தியாலம் படுப்பவருக்குப் பசி கூடத்தான் செய்யும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: அக்கா, எருமைத்தயிரும் பாணியும் முற்றாக விடணுமா?

தயிரை ஏன் விடணும்? சட்டியோடு மேசைக்குக் கொண்டுவராமல் சின்னக் கிண்ணத்தில் எடுங்கள், பாணி ஒரு தேக்கரண்டி.