பைபிள் இன்றைய அன்றாட வாழ்க்கைக்கு உண்மையிலேயே உதவுகிறதா? ஒரு போதகராக உங்கள் அனுபவம் என்ன?

உதவுகிறது. ஆனால் ஊழியத்துக்கு வந்த புதிதில் நான் நினைத்திருந்த விதத்தில் அல்ல.

எங்கள் சபையில் ஒரு அண்ணன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் அவர் வேலை போயிற்று. கேள்விப்பட்ட இரவே வாட்ஸ்அப்பில் எரேமியா 29:11-ஐ அவருக்கு அனுப்பினேன். கர்த்தர் உங்கள்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருகிற வசனம். அனுப்பிவிட்டு, ஒரு கடமையை முடித்த நிம்மதியில் தூங்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "ஐயா, இதுக்கு முந்தின வசனத்தையும் படிச்சேன். எழுபது வருஷம்னு போட்டிருக்கு. எனக்கு இப்பவே 53."

அவர் கோபத்தில் எழுதவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்த வசனத்தின் பேரில் எத்தனையோ முறை செய்தி கொடுத்திருக்கிறேன். பத்தாம் வசனத்தைச் சபையார் முன்னால் ஒருமுறைகூட வாசித்ததில்லை.

அன்று ராத்திரி 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தேன். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதா தேசத்து ராஜாவையும், கூடவே தச்சரையும் கொல்லரையும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகிறான். எப்போது ஊர் திரும்புவோம் என்பதுதான் அவர்கள் எல்லாருடைய கேள்வியும். அதற்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். ஒருவன் அனனியா (அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறவர்கள் அல்ல, இவன் வேறு). இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசியின் கழுத்தில் இருந்த நுகத்தை இந்த அனனியா பிடுங்கி, எல்லார் கண்ணுக்கு முன்னாலும் உடைத்தும் காட்டுகிறான். அந்த ஆலய முற்றத்தில் நான் நின்றிருந்தால் அவன் சொன்னதற்குத்தான் ஆமென் சொல்லியிருப்பேன். பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் சொன்னதோ எழுபது வருஷம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகமாக யாரும் திரும்பியிருக்க முடியாது.

ஆனால் அதே கடிதத்தில் வாக்குத்தத்தத்துக்கு முன்னால் ஒரு கட்டளை இருக்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். சிறைப்பட்டுப் போன ஊரிலேயே இதையெல்லாம் செய்யச் சொல்கிறார். இரண்டு வருஷம் என்று நம்புகிறவன் எதற்குத் தோட்டம் போடுவான்? மூட்டையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருப்பான். அனனியாவின் ஆறுதலில் இருந்த கேடு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் இருக்கிற நாளை வாழவிடாமல் செய்கிற பொய் அது.

அவருக்குப் பதில் அனுப்பவில்லை. நேரில் போனேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு பழைய துணியைச் சுற்றி, கீழே வாளி வைத்திருந்தார்கள். சொட்டு விழும் சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. "எதைக் கேட்டாலும் வேலை கிடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறார் ஐயா" என்று அந்த அக்கா சொன்னார்கள். குழாய் மட்டுமல்ல. தங்கை வீட்டுக்குப் போவது, மகனோடு உட்கார்ந்து சாப்பிடுவது, பல்வலிக்கு டாக்டரிடம் காட்டுவது, எல்லாமே வேலை கிடைத்த பிறகுதான் என்று தள்ளிப்போட்டிருந்தார். விழித்திருக்கிற நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு, ஏதாவது மெயில் வந்திருக்கிறதா என்று.

29-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஐந்தாம் வசனத்தில் நிறுத்திவிட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு, "அப்போ இங்கேயே தோட்டம் போடச் சொல்றாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். கைபேசிக்கும் வீட்டுக் கடனுக்கும் ஆட்குறைப்புக்கும் பைபிளில் நேரடியாக வசனம் கிடையாது. தேடி எடுத்து ஒட்டவைத்தால் அது நிற்காது. ஆனால் காத்திருப்பது என்றால் என்ன, அந்தக் காலத்தில் எப்படிச் சாப்பிட்டுத் தூங்கி வாழ்வது என்பதை இந்தப் புத்தகம் போல எனக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னபோது, வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரம் வந்தும் "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றுதான் சொன்னான். மனச்சோர்வோடு என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, நேற்று ராத்திரி தூங்கினீர்களா, காலையில் சாப்பிட்டீர்களா என்றுதான். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூடவே போகிறேன். விசுவாசம் குறைந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வசனம் அனுப்புவதை நான் நிறுத்திவிடவில்லை. அதிகாரம் முழுவதையும் வாசித்த பிறகுதான் அனுப்புகிறேன். முடிந்தால் அனுப்பாமல் நேரில் போய் வாசிக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. இரண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். போன வாரம் போயிருந்தபோது, பேச்சு நடுவில் எழுந்து என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திறந்து, மூடி, "கேக்குதா ஐயா?" என்றார். ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை.