மானிடவியல் துறையில் "களப்பணி முடித்தார்" என்பது ஏன் சாதனை?

டர்பனில் பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: மக்களின் வாழ்வையும் வழக்கங்களையும் ஆராயும் மானிடவியல் துறையின் சாதனைப் பட்டியலில் "ஓராண்டு களப்பணி முடித்தார்" என்று போடுகிறார்களே, ஊரில் போய் இருந்துவிட்டு வருவதில் என்ன பெருமை?

களப்பணி என்றால் ஆராயும் மக்களோடு நீண்டகாலம் தங்கி, அவர்கள் செய்வதைத் தானும் செய்து, கவனித்து எழுதுவது. முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம். தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், புரட்டாசி விரதம் என ஒரு சுற்று முழுதாகப் பார்த்தால்தான் எது வழக்கம், எது அந்த ஆண்டு மட்டும் நடந்தது என்று பிரியும்.

கேள்வித்தாள் போதாதா? போதாது. கூழ் ஊற்றும் அம்மாவிடம் கேட்டால் "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்பார். பக்கத்தில் நின்று பாத்திரம் பிடித்தால்தான் யாருக்கு முதல் கரண்டி, எந்த வீட்டுக்குத் தூக்கில் தனியாகப் போகிறது என்று தெரியும். சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்றிருக்கும். அளவு அம்மாவின் கையில் இருக்கும். அதுபோலத்தான்.

போகுமுன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பேசுபவர்களின் சம்மதமும் வேண்டும். குறிப்பை அன்றிரவே விரித்தெழுத வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் அவர்கள் சொன்ன சொல் போய் நம் சொல் வந்து உட்கார்ந்துவிடும். பலருடைய ஆய்வு சறுக்குவது இங்கேதான்.

மானிடவியல் என்றாலே பழைய மண்டையோடு என்று பலர் நினைக்கிறார்கள். 1924இல் தென்னாப்பிரிக்காவின் தவுங் என்ற ஊரில் கிடைத்த மண்டையோட்டை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட் உடற்கூறியல் பேராசிரியர். நேட்டால் இந்தியர் வாழ்வை எழுதிய ஹில்டா கூப்பரோ உயிரோடிருந்தவர்களைக் கவனித்த மானிடவியலாளர்.