பதில்: தெமாசெக் சாகசத்தை விற்க அனுமதி வேண்டுமா?

வணக்கம். சிங்கப்பூரை நிறுவியதாகச் சொல்லப்படும் இளவரசர் நீல உத்தமர் காலத்துத் தெமாசெக்கை, அதாவது பழைய சிங்கப்பூரை வைத்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு ஒரு சாகசம் (ஆடுவதற்கான கதைத்திட்டம்) எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடிஎஃப்பாக விற்க அந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்திடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

விளையாட்டின் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த வழிசெய்த, 2000-இல் வந்த ஓஜிஎல் உரிமத்தை மாற்ற அவர்கள் போட்ட திட்டம் 2023 ஜனவரியில் கசிந்து பெரிய ரகளை ஆனது நினைவிருக்கும். அந்த மாத இறுதியிலேயே பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் (CC BY 4.0) வெளியிட்டார்கள். இதைத் திரும்பப் பெற முடியாது. விற்கலாம், ராயல்டி இல்லை. அதிலேயே தந்திருக்கும் நன்றிக்குறிப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் உங்கள் பிடிஎஃப்பில் போட்டால் சரி.

சிக்கல் உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் பிஹோல்டர் என்ற அரக்கன்தான். அதன் விவரக்குறிப்பு எஸ்ஆர்டியில் கிடையாது, தூக்கிவிடுங்கள். வாழைமரத்து மலாய்ப் பேய் பொந்தியானாக் இருக்கும்போது நமக்கு அது எதற்கு?

அட்டையில் அவர்களுடைய லோகோ கூடாது. 'ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது' என்று போடலாம். இந்த விளையாட்டுக்கான ரசிகர் படைப்புகளை விற்கும் இணையக்கடையான டிஎம்ஸ் கில்டில் விற்கலாமா என்றும் கேட்டீர்கள். வருமானத்தில் பாதி போய்விடும், வேறெங்கும் விற்கவும் முடியாது. சொந்த உலகத்தைக் கட்டியவருக்கு அது சரிப்படாது.

அப்புறம், படங்கள். என் முதல் புத்தகத்துக்கு ஓவியரிடம் வணிக உரிமையை எழுத்தில் வாங்க மறந்துவிட்டேன். வெளியிட்ட இரண்டாம் வாரம் அட்டையையே மாற்றவேண்டி வந்தது.