யாருக்கும் நினைவில்லாத பழைய ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிடுவதால் யாருக்கு என்ன லாபம்?

பாடியவருக்கே லாபம் கிடைத்த ஒரு கதை எனக்குத் தெரியும். அதையே பதிலாகச் சொல்கிறேன்.

வஷ்டி பன்யன் என்று இங்கிலாந்தில் ஒரு பாடகி. 1945இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியம் படிக்கப் போன இடத்தில் எந்நேரமும் பாட்டெழுதிக்கொண்டிருந்ததால் கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் கண்ணில் பட்டு 1965இல் முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டு, வந்தது. பாட்டை எழுதிக் கொடுத்தவர்கள் அந்தக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும். அப்படியும் எடுபடவில்லை. அடுத்ததும் அப்படித்தான்.

1968இல் காதலர் ராபர்ட் லூயிஸுடன் ஒரு குதிரை வண்டியில் ஏறி ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிக் கிளம்பிவிட்டார். பாடகர் டோனவன் அங்கே கலைஞர்கள் கூடி வாழ ஓர் இடம் அமைக்கிறார் என்ற நம்பிக்கை. குதிரையின் பெயர் பெஸ். மலை, மழை, குளிர்காலம் எல்லாவற்றையும் தாண்டி ஒரு வருஷத்துக்கும் மேல் பயணம். போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. ஆனால் வழியெல்லாம் பாட்டுகள் பிறந்திருந்தன. மின்மினி பற்றி, தகைவிலான் குருவி பற்றி, காற்றும் மழையும் பற்றி. பெஸ்ஸுக்கே தனியாக ஒரு பாட்டு உண்டு.

பாடகர் நிக் டிரேக்கின் ஆல்பத்தைத் தயாரித்த ஜோ பாய்ட்தான் இவற்றையும் 1969 டிசம்பரில் லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். மொத்தம் 14 பாட்டு, அரை மணி நேரம். 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற பெயரில் 1970 கடைசியில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. வாங்க ஆளில்லை. யாரும் கேட்கவில்லை என்றால் பாட்டு நன்றாக இல்லை என்றுதானே அர்த்தம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். கிதாரை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தார். கிட்டத்தட்ட 30 வருஷம் அப்படியே போனது. இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசையும்.

1997இல் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர், இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். அந்த இசைத்தட்டைப் பொக்கிஷமாக வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், அது கிடைக்காமல் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. 2000இல் ஸ்பின்னி என்ற சின்ன நிறுவனம் அதை சிடியாக வெளியிட்டது. ஆல்பத்தில் இல்லாத சில பழைய பதிவுகளும் கூடவே வந்தன.

இனி ரீமாஸ்டர் விஷயம். பலரும் இதை ரீமிக்ஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். ரீமிக்ஸ் என்றால் குரல், கிதார், வயலின் என்று தனித்தனியாகப் பதிந்த தடங்களுக்குத் திரும்பிப் போய் எது முன்னால், எது பின்னால் என்று புதிதாகக் கோப்பது. ரீமாஸ்டரில் அந்தக் கோவையில் கை வைப்பதில்லை. முடிந்துபோன கலவை இருக்கும் மூல ஒலிநாடாவை நல்ல கருவியில் ஓட்டி டிஜிட்டலாக்கி, நாடாவின் இரைச்சல், கீழ் மேல் ஸ்தாயிகளின் சமநிலை, ஒட்டுமொத்த சத்தம் ஆகியவற்றை மட்டும் சரி செய்வார்கள்.

சொல்வதற்கு எளிது, கெடுப்பதற்கும் எளிது. வஷ்டியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்கிற மாதிரியான குரல். பாதி மூச்சு, பாதி சுரம். இரைச்சலை ஒரேயடியாகத் துடைத்தால் அதே அலைவரிசையில் இருக்கும் அந்த மூச்சும் சேர்ந்து போய்விடும். இன்றைய பாட்டுகளுக்கு ஈடாகச் சத்தத்தைத் தூக்கினால், வரி முடிவில் அவர் குரலைத் தாழ்த்தும் இடமெல்லாம் மேடாகிவிடும். பிறகு அந்தப் பாட்டில் மிச்சம் என்ன இருக்கிறது? சில பெரிய குழுக்களின் ரீமாஸ்டர்களில் இந்தக் கொடுமையை நான் கேட்டிருக்கிறேன். இந்த ஆல்பத்துக்கு அது நடக்கவில்லை. 1970இல் வந்த மூல எல்பி இசைத்தட்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அதோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் என் ஹெட்போனில் 'ரெயின்போ ரிவர்' கேட்கும்போது அவர் மூச்செடுப்பது கேட்கிறது, விரல் கம்பியில் நகர்வது கேட்கிறது. அதற்குப் பின்னால் ராபர்ட் கிர்பி எழுதிய இசைக்கோவை. ஆல்பத்தில் கிர்பி கை வைத்த மூன்று பாட்டுகளும்தான் உச்சம் என்பேன்.

இந்த ஆல்பத்தை 'ஃபோக்' எனப்படும் கிராமியப் பாட்டு வகையில் சேர்ப்பதை வஷ்டி இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஃபோக் குழுவின் டேவ் ஸ்வார்ப்ரிக்கும் சைமன் நிக்கலும் வந்து வாசித்ததால் அந்த நிறம் ஏறிவிட்டது. அவர் மனதில் இருந்தது பாப். நீங்களும் 'ஃபோக்' என்ற பெயர்ப்பலகையை மறந்துவிட்டுக் கேளுங்கள், வேறு மாதிரி இருக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். யாரோ ஒருவர் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, நாடாவைத் தேடியெடுத்து, டிஜிட்டலாக்கிக் கொடுத்தால்தானே அங்கே வரும்?

அந்த சிடியால் என்ன ஆனது என்றால், அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார். டெவேந்திரா பன்ஹார்ட் போன்ற இளம் பாடகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். இரண்டாவது ஆல்பம் 'லுக்ஆஃப்டரிங்' 2005இல் வந்தது. முதல் ஆல்பத்துக்கும் இதற்கும் இடையே 35 வருஷம். தயாரித்தவர் மாக்ஸ் ரிக்டர். 2014இல் மூன்றாவது வந்தது. பெரும்பகுதியை வஷ்டியே தன் வீட்டில் பதிவு செய்தார். அந்தக் குதிரை வண்டிப் பயணத்தைப் பற்றி 2022இல் ஒரு புத்தகமும் எழுதிவிட்டார். 1970இல் தோற்றுப்போனதாக நினைத்த ஒருவர் அறுபது வயதில் திரும்பி வந்து பாடியிருக்கிறார். லாபக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த ஆல்பம் ஓடும்போது என் ஆறு வயது மகள் 'லில்லி பாண்ட்' வந்ததும் ஓடி வருவாள். அது 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டிலேயே அமைந்த பாட்டு. இவர் வேறு வார்த்தை பாடப் பாட, இவள் கூடவே தன் பள்ளிக்கூட வார்த்தைகளைப் பாடுவாள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். நான் வால்யூமைக் குறைத்துவிட்டு இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.