உப்புத் தாங்கும் நெல்: கேள்வி பதில்

2011 சுனாமியில் ஜப்பானின் வடகிழக்கில் 20,000 ஹெக்டேருக்கு மேல் நெல் வயல்களில் கடல்நீர் புகுந்தது. கிதகாமியில் உள்ள இவாத்தே உயிரித் தொழில்நுட்ப ஆய்வு மையம் இரண்டே ஆண்டில் உப்பைத் தாங்கும் ‘காய்ஜின்’ என்ற நெல் ரகத்தைத் தயார் செய்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மாலதி: ஒரு ரகத்துக்குப் பத்து வருஷம் ஆகும் என்பார்களே. இவர்களுக்கு எப்படி இரண்டு?

கையிருப்பு இருந்தது. அந்த வட்டாரத்து ஹிதோமெபோரே நெல்லுக்கு இஎம்எஸ் என்ற ரசாயனம் கொடுத்து, டிஎன்ஏவில் திடீர்மாற்றம் அடைந்த ஆயிரக்கணக்கான நெல் வகைகளை முன்பே சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றின் நாற்றுகளுக்கு உப்புநீர் விட்டு, எது பிழைக்கிறது என்று பார்த்தார்கள்.

சரவணன்: இஎம்எஸ் டிஎன்ஏவில் எங்கெங்கோ கைவைக்குமே. உப்பைத் தாங்க வைத்த மாற்றம் இதுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படித்துத் தரும் (வரிசைப்படுத்தும்) இயந்திரத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், சாமர்த்தியம் முழுக்க எந்தச் செடியோடு இனக்கலப்புச் செய்வது என்பதில் இருக்கிறது.

வழக்கமாக, மரபணுவைத் தேட தூரத்து ரகத்தோடு சேர்ப்பார்கள். அப்போது உயரம், பூக்கும் நாள் எல்லாம் கலைந்துபோய், தேடும் குணம் அந்தக் குழப்பத்தில் மறைந்துவிடும். இங்கே தாய் ரகமான ஹிதோமெபோரேயோடேயே சேர்த்தார்கள். இரண்டாம் தலைமுறையில் சுமார் கால்வாசிச் செடிகள் உப்பைத் தாங்கும். அவற்றில் இருபது போல எடுத்து, டிஎன்ஏவைச் சம அளவில் கலந்து, அந்தக் கலவையை ஒரே சாம்பிளாக வரிசைப்படுத்த வேண்டும். சம்பந்தமில்லாத மாற்றங்கள் அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதிதான் தெரியும். காரணமான மாற்றம் மட்டும் நூற்றுக்கு நூறு வரும். உப்பைத் தாங்காத செடி ஒன்று தவறிக் கலந்தாலும் அந்த நூறு குறைந்துவிடும், அதனால் வயலில் பார்க்கிற கண் சரியாக இருக்க வேண்டும். 2012இல் வெளிவந்த இந்த முறைக்கு ‘மட்மேப்’ என்று பெயர்.

ஃபாத்திமா: கடைசியில் எந்த மரபணு சிக்கியது?

ஓஎஸ்ஆர்ஆர்22. செடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சைட்டோகைனின் ஹார்மோனின் தகவலைக் கடத்துவதில் பங்குள்ளது. அதன் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அதன் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆமாம், மரபணு பழுதானதில்தான் செடிக்கு லாபம்.

கார்த்திக்: அப்படியென்றால் இது மரபணு மாற்றுப் பயிர்தானே?

இல்லை, வெளி மரபணு எதுவும் நுழைக்கவில்லை. தாய் ரகத்துக்கும் காய்ஜினுக்கும் டிஎன்ஏவில் 201 எழுத்துகள்தான் வித்தியாசம். உப்பில்லாத வயலில் விளைச்சலும் தாய் ரகத்தைப் போலவே இருந்தது.

இளங்கோ: 2004 சுனாமியில் நாகப்பட்டினத்திலும் வயல்கள் உப்பாயின. இந்த விதை நமக்கு ஆகுமா?

விதையாக ஆகாது. அது குளிர்ப் பகுதி நெல், சோறும் ஒட்டும். நம் ரகங்களிலேயே அதே மரபணு பழுதான செடிகளைத் தேடலாம். சீனாவில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி மூலம் அதை முடக்கி, உப்புத் தாங்கும் நெல்லை உருவாக்கியிருக்கிறார்கள். அப்புறம், இது உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கான சங்கதி. சோடியம் ஏறிக் காரத்தன்மை அடைந்த களர் நிலம் வேறு, அதற்குத் திருச்சியின் டிஆர்ஒய் ரகங்கள் ஏற்கெனவே உண்டு.

மாலதி: இதே முறையில் மகசூலைக் கூட்ட முடியுமா?

கஷ்டம். மகசூலைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒற்றை மாற்றத்தில் பளிச்சென்று தெரியும் குணங்களுக்குத்தான் மட்மேப் சரிவரும்.