டேஞ்சர், வார்னிங், ஜாக்கிரதை: மின் அபாய லேபிளில் எந்தச் சொல்?

கேள்வி: மோட்டார்களுக்கான கன்ட்ரோல் பேனல்கள் செய்கிறோம். கதவில் மண்டை ஓட்டுப் படத்துடன் 'டேஞ்சர் 440 வோல்ட்ஸ்' ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் இதுவரை வழக்கம். இப்போது அமெரிக்கா, ஜெர்மனி, கனடாவிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. அதே வாசகத்தை அந்தந்த மொழியில் மாற்றி அனுப்பினோம். அமெரிக்கர் 'டேஞ்சர்' வேண்டாம், 'வார்னிங்' போடுங்கள் என்கிறார். ஜெர்மானியர் கதவில் வார்த்தையே வேண்டாம் என்கிறார். அப்புறம், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் திறக்கும் பேனல்களுக்குத் தமிழ் வாசகமும் வேண்டும். ஒரே லேபிளை மொழிபெயர்த்து ஒட்டினால் போதாதா?

பதில்: போதாது. அமெரிக்கர் சொல்வதும் சரி, ஜெர்மானியர் சொல்வதும் சரி. நீங்கள் 'டேஞ்சர்' என்பதை ஒரு கூப்பாடாக எழுதுகிறீர்கள். அமெரிக்கர் அதை ஒரு ஏணியின் படியாகப் படிக்கிறார். ஜெர்மானியர் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, முக்கோணத்தைத்தான் தேடுகிறார். ஆகவே மாற்ற வேண்டியது சொல்லை மட்டும் என்று நினைத்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் இப்படி ஒரு கடிதம் வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு அபாயம், என்ன செய்யக் கூடாது என்ற இரண்டும்தான் மொழி மாறிப் போய்ச் சேர வேண்டியவை.

முதலில் அமெரிக்கா. அங்கே ஏ.என்.எஸ்.ஐ. இசட்535 என்ற தரநிலைத் தொகுப்பு லேபிளின் தலைச்சொல்லை வரையறுக்கிறது. தவிர்க்காவிட்டால் சாவோ கடுமையான காயமோ நேர்ந்தே தீரும் என்றால் டேஞ்சர். நேரக்கூடும் என்றால் வார்னிங். சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும் என்றால் காஷன். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருள்தான் கெடும் என்றால் நோட்டீஸ். நிறமும் படிக்கு ஏற்ப மாறும்: சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து, ஆரஞ்சின் மேல் கறுப்பு, மஞ்சளின் மேல் கறுப்பு, நீலத்தின் மேல் வெள்ளை. டேஞ்சரை மிகத் தீவிரமான நிலைமைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தரநிலையின் எண்ணம். எல்லாக் கதவிலும் சிவப்பு ஒட்டினால், நிஜமாகவே கைவைத்தால் உயிர் போகும் இடத்தில் ஒட்டச் சிவப்பு மிச்சமிருக்காது.

உங்கள் பேனலில் கதவு மூடியிருக்கிறது. திறந்து, உள்ளே கைநீட்டி, மின்சாரம் ஓடும் முனையைத் தொட்டால்தான் விபத்து. எனவே கதவுக்கு வார்னிங் என்று உங்கள் வாடிக்கையாளர் கேட்பது நியாயமானதே. உள்ளே, மெயின் சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் மின்சாரம் இருக்கும் உள்வரும் முனைகளின் மூடிமேல் டேஞ்சர் ஒட்டுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் பிரிப்பேன். பெரிய நிறுவனங்கள் சில கதவிலேயே டேஞ்சர் போடுகின்றன. அபாய மதிப்பீடு செய்து முடிவெடுப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு, ஆகவே நீங்கள் ஏன் அந்தப் படியைத் தேர்ந்தீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலைச்சொல்லுக்குக் கீழே மூன்று விஷயம் வரவேண்டும்: எதனால் அபாயம், என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது. '440 வோல்ட்ஸ்' என்பது முதல் கேள்விக்கு மட்டும் பாதிப் பதில். அந்த 440 என்ற எண்ணே ஒரு பழைய பழக்கம்தான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யின் 60038 தரநிலை 230/400 வோல்ட் என்கிறது. பேனல் எந்த மின்னழுத்தத்துக்கானதோ அந்த எண்ணையே போடுங்கள்.

'ஹை வோல்டேஜ்' என்று சேர்க்கலாமா என்றால், உங்கள் பேனலில் வேண்டாம். ஐ.இ.சி. கணக்கில் மாறுமின்னோட்டத்தில் 1000 வோல்ட்டுக்கு மேல்தான் அந்தப் பெயர். அமெரிக்கத் தேசிய மின்விதியும் 1000 வோல்ட்டைத் தாண்டிய கூடங்களின் வாசலுக்குத்தான் 'டேஞ்சர், ஹை வோல்டேஜ், கீப் அவுட்' என்ற வாசகத்தைச் சொல்கிறது. ஆனால் இதன் மறுபக்கம் இன்னும் மோசமான பொறி. அதே கணக்குப்படி உங்கள் 400 வோல்ட் பேனல் 'லோ வோல்டேஜ்' சாதனம். பொறியாளருக்கு அது ஒரு வகைப்பெயர். மற்றவர்களுக்கு லோ வோல்டேஜ் என்றால் ஃபேன் மெதுவாகச் சுற்றுவது. தமிழில் 'குறைந்த மின்னழுத்தம்' என்று மொழிபெயர்த்து ஒட்டினால், அது எச்சரிக்கை லேபிள் இல்லை, அழைப்பிதழ்.

ஜெர்மனிக்கு வருவோம். இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான இ.என். 60204-1 என்ற ஐரோப்பியத் தரநிலை, ஒரு பெட்டிக்குள் மின்சாரம் இருப்பது வெளியிலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால் கதவிலோ மூடியிலோ ஐ.எஸ்.ஓ. 7010 தொகுப்பின் டபிள்யூ012 குறியை வைக்கச் சொல்கிறது. மஞ்சள் முக்கோணம், கறுப்பு ஓரம், நடுவில் கீழ்நோக்கிப் பாயும் மின்னல் அம்பு. அவ்வளவுதான். கதவிலேயே மெயின் சுவிட்ச் கைப்பிடி இருந்தால் அதையும் விட்டுவிடலாம் என்கிறது அந்தத் தரநிலை. இரண்டு டஜன் அதிகாரப்பூர்வ மொழிகள் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தில் படத்துக்கு முதலிடம் கிடைப்பது இயல்பு. எழுத்து என்று ஒன்று வந்துவிட்டால், பொருள் விற்கப்படும் நாடு நிர்ணயிக்கும் மொழியில் அது இருந்தாக வேண்டும் என்பது அங்கே இயந்திரச் சட்டம்.

அதற்காக எழுத்தே இல்லாமல் தப்பித்துவிட முடியாது. படத்தால் சொல்ல முடியாத சங்கதிகள் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த 5 விநாடிக்குள் மின்தேக்கியில் (கெபாசிட்டரில்) தேங்கியது 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியாக வேண்டும். உங்கள் பேனலில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் இது உங்களுக்கானது. எந்த முக்கோணமும் 'ஐந்து நிமிடம் பொறு' என்று சொல்லாது. இந்த வாசகத்தை ஜெர்மன் தெரிந்த மின்பணியாளர் ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சிடுங்கள்.

ஜெர்மன் தலைச்சொற்களும் ஒரு ஏணிதான்: கெஃபார், வார்னுங், ஃபோர்ஸிஷ்ட். கடைசிச் சொல் நம் காஷனுக்கு இணை, அதாவது சிறிய காயம். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியின் பழைய பலகைகளில் 'ஃபோர்ஸிஷ்ட்! உயர் மின்னழுத்தம்! உயிராபத்து!' என்று அதே சொல் உயிராபத்தோடு தோள்போட்டு நிற்கும். ஏணி வருவதற்கு முன்னால் அது 'பார்த்துப்பா' என்ற சாதாரணச் சொல். இப்போது லேபிளில் அதை அப்படிப் போட்டால் படி இறங்கிவிடும். அகராதியில் சரியாக இருக்கும் சொல் லேபிளில் தவறாவது இப்படித்தான்.

பிரெஞ்சிலும் இதே கதை. பழைய ஆம்ப்ளிஃபயர்களின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'காஷன், மின்சாரம் தாக்கும், திறக்காதே' என்று இருக்கும். பக்கத்தில் பிரெஞ்சில் 'அவி' என்று தொடங்கும். அவி என்றால் அறிவிப்பு. அபாயத்தை அறிவிப்பாக இறக்கிவிட்ட மொழிபெயர்ப்பு அது. இன்றைய பிரெஞ்சு ஏணி டான்ஜே, அவெர்திஸ்மான், அத்தான்ஸ்யோன் என்று போகும். மூன்றாவதற்குக் கனடாவில் 'மீஸ் ஆன் கார்த்' என்பதும் வழங்குகிறது. கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்குக்குப் போகும் பேனல் என்றால் 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தையும் நினைவில் வையுங்கள்: பொருளின் மேலுள்ள எழுத்து பிரெஞ்சில் இருக்க வேண்டும், வேறு மொழி அதைவிடத் தூக்கலாகத் தெரியக் கூடாது. ஆங்கிலத்தைப் பெரிதாகவும் பிரெஞ்சைப் பொடி எழுத்திலும் போடும் வழக்கமான தந்திரம் அங்கே செல்லாது.

மண்டை ஓட்டைப் பற்றி ஒன்று. இந்தியாவில் 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னமைப்புகளுக்கு, ஐ.எஸ். 2551 வடிவப்படி மண்டை ஓடும் எலும்பும், இந்தி அல்லது ஆங்கிலத்தோடு மாவட்டத்தின் மொழியும் உள்ள அபாய அறிவிப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் சொல்கின்றன. இங்கே விற்கும் பேனலில் அதை நீக்காதீர்கள். ஏற்றுமதிப் பேனலில் வைக்காதீர்கள். ரசாயனங்களுக்கான உலகளாவிய குறியீட்டு முறையில் மண்டை ஓடு கடும் நச்சைக் குறிக்கிறது. குழந்தைகளுக்கோ அது கடற்கொள்ளையர் விளையாட்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை 1971இல் விஷப் புட்டிகளுக்கென்று நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் பச்சை முகத்தை உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி தமிழ். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனென்றால் இங்கே கையில் கொடுக்க ஆயத்த ஏணி எதுவும் இல்லை. பலகைகளில் அபாயம், ஆபத்து, எச்சரிக்கை, கவனம், ஜாக்கிரதை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்துபோகின்றன. நான் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்ற வரிசையையே பின்பற்றுகிறேன். 'அபாயம்' மின்கம்பப் பலகையிலேயே கண்ணுக்குப் பழகிய சொல், அதை உச்சியில் வைப்பது பொருத்தம். ஜாக்கிரதையை விட்டுவிடுங்கள். அதைப் படித்ததும் பாதிப்பேருக்கு வாசலில் நாய்தான் ஞாபகம் வரும்.

அமெரிக்க ஏணியின் 'நேரும்', 'நேரக்கூடும்' வேறுபாட்டைத் தமிழ் வினைமுடிவே காட்டிவிடுகிறது: 'உயிர் போகும்', 'உயிர் போகலாம்'. ஆனால் 'லாம்' விகுதி இரட்டை வேலை செய்கிறது. 'வரலாம்' என்றால் வரக்கூடும் என்றும் பொருள், வா, தடையில்லை என்றும் பொருள். சூரியமின் அமைப்புகளின் சுவிட்சுகளில், ஆஃப் செய்த பிறகும் இரண்டு பக்க முனைகளிலும் மின்சாரம் இருக்கலாம் என்ற பொருளில் அமெரிக்க விதி ஒரு வாசகம் கேட்கிறது. அதைத் தமிழில் 'இருக்கலாம்' என்று எழுதினால், இல்லாமலும் இருக்கலாம் என்று படித்துவிட்டுக் கையை நீட்டுவார்கள். 'சுவிட்ச் ஆஃப் செய்தாலும் இருபுற முனைகளிலும் மின்சாரம் இருக்கும்' என்று எழுதுங்கள். படியைத் தலைச்சொல்லும் நிறமும் காட்டட்டும். கீழே வரும் வாக்கியம் உறுதியாக முடியட்டும்.

ஷாக் என்பதற்கு 'மின் அதிர்ச்சி' என்று புத்தகங்கள் சொல்லும். அதிர்ச்சி என்பது நமக்குக் கெட்ட செய்தி கேட்டால் வருவது. செய்தித்தாளில் 'மின்சாரம் தாக்கி' என்றுதான் எழுதுகிறார்கள், பேச்சிலும் ஷாக் அடித்தது என்கிறோம். 'மின்சாரம் தாக்கும்' என்பதே லேபிளுக்குச் சரி. 'உயர் அழுத்தம்' என்று சுருக்கி எழுதுவதும் வேண்டாம், அருகில் காற்றுக் குழாய் இருந்தால் அதைப் பற்றியது என்று நினைத்துவிடுவார்கள்.

எந்தத் தொனியில் கட்டளையிடுவது என்பதும் மொழிக்கு மொழி மாறும். ஜெர்மனும் பிரெஞ்சும் யாரையும் விளிக்காமல் 'தொடாமல் இருப்பது' என்கிற மாதிரி ஆளற்ற வடிவில் சொல்லிவிடுகின்றன. ரஷ்ய மின்கம்பத்தில் 'ஏறாதே! கொன்றுவிடும்!' என்று ஒருமையில் அதட்டல் இருக்கும். இத்தாலியப் பழம்பலகை கட்டளையே இடாது: 'கம்பியைத் தொடுபவன் சாவான்' என்று செய்தி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தமிழில் 'தொடாதே' என்றால் அதட்டல், 'தொடாதீர்கள்' நீளம், 'தொட வேண்டாம்' வேண்டுகோள் போல மெலிதாகிவிடுகிறது. 'தொடாதீர்' மரியாதை குறையாமல் நாலு எழுத்தில் முடிகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

வினை கடைசியில் வருவதும் கவனிக்க வேண்டியது. 'திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்' இலக்கணப்படி பிழையில்லை. அவசரத்தில் படிப்பவர் முதல் சொல்லான 'திறக்கும்' என்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆவது? செய்ய வேண்டிய வரிசையிலேயே இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள். உங்கள் கதவுக்கு நான் எழுதித் தருவது இது:

'எச்சரிக்கை. உள்ளே 400 வோல்ட். மின்சாரம் தாக்கி உயிர் போகும். மெயின் சுவிட்சை ஆஃப் செய்யவும். 5 நிமிடம் கழித்துத் திறக்கவும்.'

டிரைவ் இல்லாத பேனலில் கடைசி வாக்கியத்தை 'பிறகே திறக்கவும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். டிரைவ் இருந்தால் நிமிடக் கணக்கை அதன் கையேட்டிலிருந்து எடுங்கள், என் ஐந்தை நம்ப வேண்டாம். கீழே 'மின்பணியாளர் மட்டும்' என்று ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை.

சரி, அச்சு. லேபிள் அச்சிடும் மென்பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. ஒற்றைக்கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். திரையில் சரியாகத் தெரிந்த 'தொடாதீர்' ஸ்டிக்கரில் யாருக்கும் படிக்க முடியாத கோலமாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன். எழுத்தை வடிவமாக மாற்றி, அதாவது படமாகக் கொடுங்கள். சிறிய அளவில் அச்சாகும்போது புள்ளி காணாமல் போகும், ஆகவே எழுத்தின் உயரத்தை ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள். 'மின்சாரத்தைத்' போன்ற நீளச் சொற்களை வரியின் நடுவில் உடைக்க விடாதீர்கள். பல ஐ.இ.சி. தரநிலைகள் கேட்கும் சோதனை ஒன்று உண்டு: தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகு புள்ளிகள் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் தாளை அச்சகத்திலிருந்து வாங்கியதும் இதைச் செய்துவிட்டு, அப்புறம் மொத்த ஆர்டர் கொடுங்கள்.